எட்டெழுத்து விதியே, வாழி!

வங்கிக் கணக்கு, வருங்கால வைப்புநிதி, ரயில் பயணச்சீட்டு, மின்கட்டணம், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் என்று எந்த வாசலுக்குப் போனாலும் எங்களுக்கு முன்பே வந்து நிற்கிறாய். கடவுச்சொல்லில் குறைந்தது 8 எழுத்து வேண்டும். அதில் ஒன்று பெரிய எழுத்து, ஒன்று சிறிய எழுத்து, ஓர் எண், ஒரு சிறப்புக் குறி. 90 நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பழையதைத் திரும்ப வைக்கக் கூடாது. இதையெல்லாம் சிவப்பு எழுத்தில் சொல்லிவிட்டு அசையாமல் நிற்பாய். வந்திருப்பவர் 80 வயது ஓய்வூதியரா, 20 வயது மென்பொருள் பொறியாளரா என்று பார்ப்பதில்லை. இருவருக்கும் ஒரே முகம், ஒரே கண்டிப்பு. இத்தனை ஆண்டுகள் இத்தனை பேரிடம் வேலை வாங்கியிருக்கிறாய். உன்னை வாழ்த்தி இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. உனக்குரிய புகழ் உனக்கு வந்து சேர வேண்டும்.

முதலில் உன் குலப்பெருமை. 1961-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொள்ள ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற அமைப்பை உருவாக்கியது. ஒருவர் கோப்பில் இன்னொருவர் கை வைக்காதிருக்க அங்கே கடவுச்சொல் வந்தது. மறு ஆண்டே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், கடவுச்சொல் கோப்பு முழுவதையும் அச்சிட்டுத் தரும்படி ஒரு துளையட்டையில் கேட்டார்; கணினியும் மறுக்காமல் அச்சிட்டுக் கொடுத்தது. 1966-இல் ஒரு மென்பொருள் பிழையால் அன்றைய அறிவிப்புக் கோப்பும் கடவுச்சொல் கோப்பும் இடம் மாறிப்போயின. உள்ளே நுழைந்த ஒவ்வொருவர் முனையத்திலும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக வந்தன. இந்த இரண்டு நிகழ்ச்சியிலும் சொல்லைத் தேர்ந்தெடுத்த பயனர் யாரும் தவறு செய்யவில்லை. அவர்கள் எத்தனை நீளமாக, எத்தனை குறிகள் சேர்த்து வைத்திருந்தாலும் அது அப்படியே அச்சாகியிருக்கும். ஓட்டை, காவல் காத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாத பண்பு உன்னிடம் இன்றுவரை இருக்கிறது.

நீ காரணமில்லாமல் வந்தவன் என்று சொல்ல மாட்டேன். 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ஸனும் யூனிக்ஸ் கணினிகளில் பயனர்கள் வைத்திருந்த 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். 86 விழுக்காடு எளிதில் கண்டுபிடிக்கக் கூடியவையாக இருந்தன. ஒரே ஓர் எழுத்தை மட்டும் கடவுச்சொல்லாக வைத்தவர்களும் அதில் உண்டு. மனிதர்களைத் தம் போக்கில் விட்டால் பலவீனமானதையே வைப்பார்கள் என்பது மெய். நோய் உண்மையானது. அதற்கு மருந்தாக நீ வந்த விதம்தான் உன் தனிச்சிறப்பு.

2004-இல் அமெரிக்க அரசின் நிஸ்ட் என்ற தரநிர்ணய நிறுவனம் வெளியிட்ட எஸ்பி 800-63 என்ற ஆவணத்தின் பின்னிணைப்பில் உனக்கு அதிகாரபூர்வமான உருவம் கிடைத்தது. எழுதியவர் பில் பர். உண்மையான மனிதர்கள் வைக்கும் உண்மையான கடவுச்சொற்களைப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று அவர் விரும்பினார். தனியுரிமையைக் காட்டி அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. கையில் கிடைத்த பழைய ஆவணங்களை வைத்து, பெரும்பாலும் ஊகத்தால் எழுதினார். அந்தச் சில பக்கங்களிலிருந்து கிளம்பி உலகத்தின் எல்லா வாசல்களையும் பிடித்துக்கொண்டாய். சான்றே இல்லாமல் இவ்வளவு தூரம் வந்தது சாதாரணத் திறமையா? பணி ஓய்வு பெற்ற பிறகு, 2017-இல், தாம் செய்ததில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே ஒரு செய்தித்தாளிடம் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, எழுத்துக் கலவை கேட்க வேண்டாம், காரணமில்லாமல் நாள் கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று எழுதியது. 2025-இல் வந்த அடுத்த திருத்தத்தில், வேண்டாம் என்பது கூடாது என்றே ஆயிற்று. பெற்றவர் வருந்தினார், பிறந்த வீடு கைவிட்டது. இருந்தும் நீ கலங்கவில்லை. புகுந்த வீடுகளில் முன்பைவிட உறுதியாக அமர்ந்திருக்கிறாய்.

உன் அடுத்த அருஞ்செயல், கோடிக்கணக்கான மனிதர்களை ஒரே மாதிரி சிந்திக்க வைத்தது. மொழியாலும் ஊராலும் சாமியாலும் வேறுபட்டவர்கள் உன் முன்னால் வந்ததும் ஒன்றாகிவிடுகிறார்கள். பெரிய எழுத்து கேட்டாய். எல்லாரும் முதல் எழுத்தைப் பெரியதாக்கினார்கள். எண் கேட்டாய், கடைசியில் 123 சேர்த்தார்கள், அல்லது பிறந்த ஆண்டை. குறி கேட்டாய், இடையில் @ வந்து உட்கார்ந்தது. முருகன்@123, லட்சுமி@1985, சென்னை@2024 என்று ஆங்கில எழுத்தில் தட்டியவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள்! அத்தனைக்கும் ‘வலிமையானது’ என்று பச்சைக்கோடு போட்டுக் காட்டினாய். ஹேஷ்கேட், ஜான் த ரிப்பர் போன்ற உடைக்கும் கருவிகள் இந்த வடிவத்தை எளிதாகச் சோதித்துப் பார்க்கின்றன: அகராதியிலிருந்து ஒரு சொல், முதல் எழுத்து பெரியது, பின்னால் குறி, பின்னால் எண். எங்கே தேட வேண்டும் என்று நீ சொல்லாமல் விட்டிருந்தால் அவற்றுக்கு எத்தனை வீண் உழைப்பு!

உன் ரசனையும் கூர்மையானது. பகடை உருட்டி, பட்டியலிலிருந்து சொற்களை எடுத்துக் கோக்கும் டைஸ்வேர் முறையை ஆர்னால்டு ரைன்ஹோல்டு 1995-இல் முன்வைத்தார். பட்டியலில் 7,776 சொற்கள்; ஒரு சொல்லுக்குப் பகடையை 5 முறை உருட்ட வேண்டும். அந்த வழியில் ஒருவர் குடை, நெத்திலி, அஞ்சலகம், பம்பரம், சுண்ணாம்பு என்ற 5 சொற்களைப் பெற்று, ஆங்கில எழுத்தில் சேர்த்துத் தட்டுகிறார் என்று வை. குடைக்குள் நெத்திலியை மூட்டை கட்டி அஞ்சலகத்துக்குப் போனதாக ஒரு கதை சொல்லிக்கொண்டால் பாட்டியும் மறக்க மாட்டாள். விசைப்பலகையின் 95 குறிகளிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த 8 எழுத்துச் சொல்லைவிட, இந்த 5 சொல் கோவைக்கான சாத்தியங்கள் 4,000 மடங்குக்கும் அதிகம். மனிதர் யாரும் குலுக்கிப் போட்டு 8 எழுத்தை எடுப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால் இடைவெளி இன்னும் பெரிது. நீயோ அந்தக் கோவையைப் பார்த்து, பெரிய எழுத்து இல்லை, எண் இல்லை, குறி இல்லை, நீளம் அதிகம் என்று திருப்பி அனுப்புகிறாய். முருகன்@123-ஐ வரவேற்று உட்கார வைக்கிறாய். ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்த்து, போர்க்களம் காணாத ஆயுதங்களின் பளபளப்பைப் பாராட்டினார் என்று அறிந்தவர்களுக்கு உன் @, #, $ ஆகியவற்றின் பளபளப்பு நன்றாகப் புரியும்.

90 நாள் கெடுவைப் புகழாமல் விட்டால் நன்றி கொன்றவனாவேன். கெடு முடியும் காலையில், அவசரமாக உள்ளே நுழைய வேண்டிய நேரத்தில், ‘உங்கள் கடவுச்சொல் காலாவதியாகிவிட்டது’ என்று வந்து நிற்பாய். அந்தக் கணத்தில் மனிதர் என்ன செய்வார் என்பதை வட கரோலினா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் 2010-இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அங்கே மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். 7,700-க்கும் மேற்பட்ட பழைய கணக்குகளின் கடவுச்சொல் வரலாற்றை எடுத்து ஆராய்ந்ததில், பழைய சொல் தெரிந்திருந்தால் அடுத்த சொல்லை 41 விழுக்காடு நேர்வுகளில் 3 விநாடிக்குள் ஒரு கணினி கண்டுபிடித்துவிட்டது. 17 விழுக்காடு கணக்குகளில் ஐந்து ஊகம்கூடத் தேவைப்படவில்லை. 1 என்பதை 2 ஆக்குவதும், @ என்பதை # ஆக்குவதும், மாதத்தின் பெயரை மாற்றுவதும்தான் மனிதர் கண்ட வழி. ஆக, நீ மாற்றச் சொன்னாய், அவர்களும் மாற்றினார்கள். திருடனுக்கு மட்டும் ஒன்றும் மாறவில்லை. 2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே இந்தக் கெடு பழமையானது, மிகக் குறைந்த பயனே உள்ளது என்று சொல்லி விண்டோஸ் பாதுகாப்புப் பரிந்துரைகளிலிருந்து அதை எடுத்துவிட்டது. நம் அலுவலகங்களில் உனக்கு அந்த அவமானம் எளிதில் நேராது. தணிக்கைப் படிவத்தில் உனக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிக் அடித்தாக வேண்டும்.

உன் கருணை யார் பக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்களிடம் ஒரு குறிக்குக்கூட விட்டுக்கொடுக்காத நீ, அந்தச் சொற்களை வாங்கிப் பத்திரப்படுத்துகிறவர்களிடம் தாய்போல் நடந்துகொள்கிறாய். ராக்யூ என்ற நிறுவனம் 3.2 கோடி கடவுச்சொற்களை எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே எழுதி வைத்திருந்தது. 2009-இல் அவை மொத்தமாக வெளியே போயின. 2013-இல் அடோபி நிறுவனத்திலிருந்து கசிந்த 15 கோடிக்கும் மேற்பட்ட கணக்குகளில், சொற்கள் எல்லாருக்கும் ஒரே திறவியால் பூட்டப்பட்டிருந்தன. பயனர் எழுதிய நினைவுக் குறிப்புகளோ பூட்டே இல்லாமல் பக்கத்தில் கிடந்தன. அதே 2013-இல் யாகூவில் நடந்த திருட்டு அதன் 300 கோடிக் கணக்குகளையும் தொட்டது. ஃபேஸ்புக் கோடிக்கணக்கான கடவுச்சொற்களைத் தன் உள் பதிவுகளில் படிக்கக்கூடிய வடிவிலேயே வைத்திருந்தது 2019-இல் தெரியவந்தது; 2024-இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்கு 9.1 கோடி யூரோ அபராதம் விதித்தது. ஓரிடத்தில் இப்படிக் கசிந்த சொல்லைத்தான் திருடர்கள் வேறு நூறு இடங்களில் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே உன் பெரிய எழுத்துக்கும் சின்ன எழுத்துக்கும் வேலையே இல்லை. சரியான சொல்லே கையில் இருக்கும்போது ஊகிக்க என்ன இருக்கிறது? இந்தச் சொல் ஏற்கெனவே வெளியே போனதா என்று பார்க்கும் வழி இருக்கிறது. பாதுகாப்பு வல்லுநர் ட்ராய் ஹன்ட் நடத்தும் தளம் கசிந்த சொற்களின் பட்டியலை இலவசமாகத் தருகிறது. முழுச் சொல்லை அனுப்பாமலே சோதிக்கலாம். அந்த ஒரு சோதனையைச் செய்யாமல் குறியை எண்ணிக்கொண்டிருக்கிறாய்.

நீ இல்லாத வாசல் ஒன்றும் உண்டு. ஏடிஎம் அட்டைக்கு 4 இலக்கம்தான். மொத்தச் சாத்தியம் 10,000. பெரிய எழுத்து இல்லை, குறி இல்லை, 90 நாள் கெடு இல்லை. பல பத்தாண்டுகளாக அதை வைத்துக்கொண்டு கூலித் தொழிலாளியும் பணம் எடுக்கிறார். அட்டை கையில் இருந்தாக வேண்டும், சில முறை தவறினால் பூட்டிக்கொள்ளும். இந்த இரண்டும்தான் காவல். சுமையை இயந்திரமும் வங்கியும் தாங்கின, மனிதரின் நினைவிடம் நாலே இலக்கம் கேட்டார்கள். நீ வந்த பிறகுதான் சுமை முழுவதும் எங்கள் தலைக்கு மாறியது.

உன் சுற்றத்தாரும் உன்னைப் போன்றவர்களே. ‘உங்கள் தாயின் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர் என்ன?’ என்று கேட்கும் பாதுகாப்புக் கேள்வி உன் ஒன்றுவிட்ட சகோதரன். குடும்பப் பெயரே வைத்துக்கொள்ளாத தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் அப்பா பெயரையோ தாத்தா பெயரையோ எழுதிவிட்டு, அடுத்த முறை எதை எழுதினோம் என்று தவிப்பவர்கள் பலர். பதில் ரகசியமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை. காதணி விழா அழைப்பிதழில் தாத்தா, பாட்டி, தாய்மாமன், சொந்த ஊர் எல்லாம் அச்சாகி ஊர் முழுக்கப் போகிறது. பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் பேனரில் தேதி பெரிய எழுத்தில் தொங்குகிறது. 2008-இல் அமெரிக்கத் துணை அதிபர் வேட்பாளர் சாரா பேலினின் மின்னஞ்சலுக்குள் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் நுழைந்தார். பிறந்த தேதி, அஞ்சல் குறியீட்டு எண், கணவரைச் சந்தித்த இடம் ஆகியவற்றைக் கேட்டது அந்தத் தளம். மூன்றும் பொதுவெளியில் கிடைத்தன.

இன்னொரு உறவினர் எங்கள் ஊரிலேயே இருக்கிறார். இணையத்திலிருந்து இறக்கும் மின்-ஆதார் கோப்பைத் திறக்கப் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த ஆண்டும் போதும். வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அனுப்பும் பல கணக்கறிக்கைகளுக்கும் இதே மாதிரிதான். எப்படித் திறப்பது என்ற விளக்கம் அதே மின்னஞ்சலில் இருக்கும். பூட்டைத் தொங்கவிட்டு, சாவி எந்த மாடத்தில் இருக்கிறது என்று பூட்டின் மேலேயே எழுதி ஒட்டிய வீடு அது.

உன் ஆட்சியின் முழு அழகையும் பார்க்க வேண்டுமென்றால் இ-சேவை மையத்துக்கோ பிரௌசிங் சென்டருக்கோ போக வேண்டும். விதவை ஓய்வூதியத்துக்கு வந்த அம்மா திரையைப் பார்த்து மிரண்டு, “நீயே ஏதாச்சும் ஒண்ணு போட்டுக் குடு தம்பி” என்கிறார். கணினி முன்னால் இருக்கும் இளைஞர் ஊருக்கெல்லாம் போடும் அதே சொல்லைப் போட்டு, விண்ணப்பத்தின் பின்பக்கம் எழுதி, “இதைத் தொலைச்சிடாதீங்கம்மா” என்று கொடுக்கிறார். உன் நிபந்தனைகள் எல்லாம் நிறைவேறிவிட்டன: 8 எழுத்து உண்டு, பெரிய எழுத்து உண்டு, குறி உண்டு. அந்த அம்மாவின் கணக்கு மட்டும் அவருடையதாக இல்லை. கெடு முடிந்ததும் பூட்டிக்கொள்ளும்; பேருந்து ஏறித் திரும்ப வர வேண்டும், திரும்பக் கட்டணம் கட்ட வேண்டும். இதற்கு யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்பதில்லை. மறந்துபோனது தன் குற்றம் என்று அவரே நம்பிக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார். உன் சாதனைகளில் எனக்கு மிக வலிக்கும் சாதனை இது. மனித மூளையின் இயல்பை ஒரு வயதான பெண்ணின் குற்றமாக மாற்றிக் காட்டியிருக்கிறாய்.

அவர் ஒரு சின்ன நோட்டில் எழுதி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தால் அதையும் பாவம் என்கிறாய். பாதுகாப்பு வல்லுநர் ப்ரூஸ் ஷ்னையர் 2005-இலேயே கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். சிறு தாள்களைப் பத்திரப்படுத்த மனிதர்களுக்குத் தெரியும் என்பது அவர் வாதம். வெளிநாட்டில் உட்கார்ந்து கணக்கை உடைப்பவனால் எங்கள் சமையலறைக்குள் வர முடியாது. நூறு கணக்குக்கு நூறு சொல் வேண்டுமென்றால் பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் இருக்கின்றன. ஒரே ஒரு நீண்ட கோவையை நினைவில் வைத்தால் மிச்சத்தை அவை பார்த்துக்கொள்ளும். அப்படி வைத்திருப்பவர் நகலெடுத்து ஒட்ட வந்தால், பாதுகாப்புக் காரணம் என்று ஒட்டுவதைத் தடுத்து, 20 எழுத்தையும் விரலால் தட்டச் சொல்லும் தளங்கள் உன் அடியார்கள் நடத்துபவை. தட்டிக் களைத்தவர் மறுநாளே முருகன்@123-க்குத் திரும்பிவிடுகிறார். உன் குடிமக்கள் தொகை குறைவதில்லை. 2022 முதல் ஆப்பிளும் கூகுளும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து கொண்டுவந்திருக்கும் பாஸ்கீ முறையில் நினைவில் வைக்கவே ஒன்றும் இல்லை. கைபேசிக்குள் இருக்கும் திறவியே போலித் தளத்தை அடையாளம் கண்டு ஒதுங்கிக்கொள்கிறது. உன்னை அரியணையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அங்கே போக அவசரம் ஒன்றும் தெரியவில்லை.

அவர்களுக்கு நீ செய்யும் உதவி அப்படிப்பட்டது. பணம் போனது என்று ஒருவர் வந்து நின்றால், ‘நாங்கள் 8 எழுத்து கேட்டோம், குறி கேட்டோம், 90 நாளில் மாற்றச் சொன்னோம், நீங்கள்தான் சரியாக வைக்கவில்லை’ என்று சொல்ல ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. அந்த வாக்கியத்தைத் தருவதில் நீ ஒருமுறைகூடத் தவறியதில்லை. திருடனைத் தடுக்கும் வேலையில் உன் நம்பகம் எப்படியோ, பொறுப்பாளரைக் காக்கும் வேலையில் உன் நம்பகம் பழுதற்றது.

இத்தனை அதிகாரம் இருந்தும் நீ எளிமையாகவே வாழ்கிறாய். விண்டோஸ் கணினிகளை நடத்தும் அலுவலகத்தில் உன் 90 நாள் ஆட்சி முழுவதும் அமைப்புப் பக்கத்தின் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. கடவுச்சொல்லின் அதிகபட்ச வயது என்ற வரியில் 90 என்று இருக்கும். அங்கே 0 என்று போட்டால் சொல் காலாவதியாவதே இல்லை. அதற்குப் புது மென்பொருள் வாங்க வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை, நிர்வாகி ஒருவருக்கு ஒரு நிமிட வேலை. அந்த நிமிடத்தை ஒதுக்கும்படி அவரிடம் சொல்ல வேண்டிய மேலதிகாரி, இன்று காலையும் தன் பெயருக்குப் பின்னால் 7 என்பதை 8 ஆக்கிவிட்டு உள்ளே போயிருப்பார்.